சர்தார் பாய் வைத்த கூடுதல் பட்டை

குன்னூர் கீழ்க்கடைவீதியில் பட்டறை வைத்திருந்த சர்தார் பாய்க்கு நான் நூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். என் லாரியின் முன்பக்கத்தை அக்கக்காகப் பிரித்துச் சரிசெய்து கொடுத்ததற்குக் கூலியும் சாமானும் சேர்ந்த கணக்கு அது. என் ஆயுசில் அதைவிடப் பெரிய கடன்களை வாங்கி, அடைத்து, மறந்தும் போயிருக்கிறேன். தூங்கும்போதும் உறுத்திய கடன் அது ஒன்றுதான்.

ஆறுக்குட்டி என்றால் இன்றைக்குக் கோத்தகிரியிலும் குன்னூரிலும் லாரி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். காரமடையிலிருந்து கட்டிய வேட்டியோடு மலையேறி, எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டி தூக்கி, கடைசியில் அந்தப் பெட்டிகளை ஏற்றிப் போன லாரிக்கே சொந்தக்காரன் ஆனேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லுவான்? ஆனாலும் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது சர்தார் பாயைப் பற்றி. என்னைப் பற்றி எழுதினாலும் நடுவில் அவர் வந்து நிற்பார். அதனால் அவரையே முதலில் எழுதி முடித்துவிடுகிறேன்.

அவருடைய வாப்பா மாட்டுவண்டிக்காரர். மேட்டுப்பாளையத்தில் அரிசி மூட்டை ஏற்றி, கல்லாறு தாண்டி, மலைப்பாதையில் மாடுகளை அதட்டி அதட்டி மேலே கொண்டுவந்தவர். மலைக்கு ரயில் வந்ததும் மூட்டைகளெல்லாம் ரயிலேறிவிட்டன. மனுஷன் மாடுகளை விற்றுவிட்டுக் குன்னூரில் லாடம் அடிக்க உட்கார்ந்தார். மகன் சர்தார் குதிரைக் குளம்பைப் பிடித்துக்கொண்டே வளர்ந்து, பிறகு துரைமார்களின் சாரட்டு வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டப் பழகினார். வாலிபத்தில் மோட்டார் வந்தது. "குதிரை போச்சு, சாரட்டு போச்சு. கார் வந்துச்சு, லாரி வந்துச்சு. அடியில படுத்துப் பாத்தா அதே பட்டைதானுங்க. என்ற பொழப்பு எங்க போகும்?" என்பார்.

குட்டையான ஆள், காளைக்கழுத்து, மருதாணி போட்ட தாடி, கறுப்புத் தொப்பி. இடது கைச் சுண்டுவிரல் கொக்கி போல வளைந்திருக்கும். சாரட்டின் ஸ்பிரிங் கட்டை அவிழ்க்கும்போது பட்டை ஒன்று விசிறி அடித்ததில் முறிந்து, கோணலாகக் கூடிய விரல். அதை ஒளிக்கமாட்டார். வருகிற ஆளுக்கெல்லாம் காட்டி, "இது சாரட்டு போட்ட மோதரமுங்க" என்று பெருமை பேசுவார். பேச்சில் என்னைப் போலத்தான். தன்னை ஒரு படி கீழே வைத்துப் பேச அவருக்கும் வராது. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவும் செய்தது, உரசவும் செய்தது.

உலகச் சண்டைக்காலத்தில் நடந்தது இது. என் லாரி மூன்று கை மாறி என்னிடம் வந்தது. மைல் காட்டும் முள் எனக்கு முந்தைய முதலாளி காலத்திலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஓடிய மைலைக் கடவுள்தான் எண்ணியிருப்பார். பெட்ரோலுக்குக் கூப்பன். அந்தக் கூப்பனை நம்பினால் வண்டி வாரத்தில் பாதி நாள் நிழலில் நிற்க வேண்டியதுதான். ஆகவே எல்லோரையும் போல நானும் கரியில் ஓட்டினேன். கேபினுக்குப் பின்னால் இடதுபக்கம் ஆள் உயரத்துக்கு இரும்புப் பீப்பாய். அதற்குள் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டினால் வருகிற புகையில் எஞ்சின் ஓடும். ஓடும் என்றால், ஏற்றத்தில் நடந்து போகிற ஆளோடு பேசிக்கொண்டே போகலாம். என் கிளீனர் சங்கிலி இடதுபக்க ஃபுட்போர்டில் நின்றுகொண்டு, கம்பியால் அடுப்பைக் குத்திக்கொண்டே வருவான்.

அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு நான்தான் தேயிலைப் பெட்டி ஏற்றிக் குன்னூர் ஸ்டேஷனில் இறக்கினேன். என் கையிலிருந்த ஒரே காண்ட்ராக்ட் அதுதான். அந்தப் புரட்டாசியில் வண்டியின் தலை ஆட ஆரம்பித்தது. இறக்கத்தில் கொஞ்சம் வேகம் பிடித்தால் ஸ்டேரிங் கையை உதறும். பிரேக் போட்டால் இடதுபக்கம் ஓரத்துக்கு இழுக்கும். எங்கள் ரோட்டில் ஓரம் என்றால் அதற்குக் கீழே தேயிலைதான் தெரியும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருநாள் வழியில் நிறுத்தினார். முன் சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பார்த்தார். கிழவன் பல்லைப் போல ஆடியது. "அடுத்த வாரம் மறுபடி பாப்பேன். இப்படியே இருந்தா, வண்டிய இங்கேயே நிறுத்திட்டு நீ பஸ்ஸுல போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஸ்டேட்டில் பெரிய கிளார்க்கோ, ஒரு லோடு தவறினால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாக முன்னமே சொல்லியிருந்தார். வண்டி நின்றால் காண்ட்ராக்ட் போகும். காண்ட்ராக்ட் போனால் வண்டிக்குத் தவணை கட்ட முடியாது. நான் மறுபடி முதுகில் சாக்குப் போட்டுக்கொண்டு பெட்டி தூக்க நிற்க வேண்டும். தூக்கிய முதுகுதான், தெம்பும் இருந்தது. ஆனால் முதலாளி என்று ஒருமுறை கூப்பிடக் கேட்டுவிட்ட காது, மறுபடி "டேய்" என்பதைக் கேட்காது.

கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் கேட்டேன். புது அச்சு போட வேண்டும், சண்டை முடிந்தால்தான் கிடைக்கும், பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டுப் போ என்றார்கள். அதற்கப்புறம்தான் சர்தார் பாயிடம் போனேன்.

ஆயுதபூஜை முடிந்த மறுநாள் அது. வண்டியைப் பளபளவென்று கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பீப்பாயைக் காலி செய்து, கூப்பன் பெட்ரோலை ஊற்றி, முன்னால் மாலையோடு கொண்டுபோய் நிறுத்தினேன். டாக்டரிடம் போகிறவன் குளித்துவிட்டுப் போவதில்லையா? பாய் இடுப்பில் கை வைத்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, பொண்ணு பாக்க வந்தீங்களா, வண்டி காட்ட வந்தீங்களா?"

"வண்டிதானுங் பாய்."

"அப்பறம் எதுக்குங்க இத்தன சிங்காரம்?" என்று குனிந்து அடியில் பார்த்தார். "இதென்ன, இண்டு இடுக்கு உடாம கிரீஸு? பணியாரக்குழிக்கு நெய் ஊத்துனாப்புல!"

சங்கிலி முன்னால் வந்து, "நான்தானுங் வெச்சேன். கிறீச் கிறீச்சுனு ஒரே சத்தமுங். வாய அடைச்சுப் போட்டேன்" என்றான்.

"அழுவுற புள்ள வாயில துணிய அடைச்சுக் கொண்டாந்துட்டு, புள்ளைக்கு எங்க வலின்னு வைத்தியங்கிட்டக் கேப்பியா நீ? அந்தச் சத்தம்தான்யா எனக்கு வழி சொல்றது. போங்க, போங்க. கிரீஸ வழிச்சுப்போட்டு ரெண்டு லோடு அடிங்க. மண்ணும் சேறும் அப்பிக்கிட்டு, பீப்பாயில கரியோட, பொட்டி ஏத்துனபடியே கொண்டாங்க. குளிச்ச வண்டிய நான் பாக்கறதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் சொன்னபடியே பயந்து பயந்து இரண்டு லோடு அடித்துவிட்டு, மூன்றாவது லோடை ஸ்டேஷனில் இறக்காமல் நேரே பட்டறைக்கே விட்டேன்.

அன்றைக்குத்தான் அவர் வேலை செய்கிற விதம் பார்த்தேன். முதலில் என்னை ஸ்டேரிங்கில் உட்காரச் சொன்னார். சங்கிலியை ஃபுட்போர்டில் அவன் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கச் சொன்னார். பிறகு ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வலதுபக்க மட்கார்டிலிருந்து தரைவரை அளந்து, நகத்தால் கீறி, அதே குச்சியை இடதுபக்கம் கொண்டுபோய் வைத்தார். இடதுபக்கம் நாலு விரல் தாழ்வு. அதற்கப்புறம் என்னைக் கீழே கூப்பிட்டார். சேறு எல்லா இடத்திலும் காய்ந்து ஒட்டியிருக்க, சில மூட்டுகளில் மட்டும் பொருக்குதிர்ந்து, செங்காவி கரைத்து ஊற்றியது போலத் துருநீர் வழிந்திருந்தது.

"பாத்தீங்களா? எது ஆடுதோ அதுதான் துருவக் கக்கும். நல்லதெல்லாம் சேத்தோட சும்மா இருக்குது. அன்னிக்கு வந்தப்ப இதையெல்லாம் கழுவிப்போட்டு வந்துட்டீங்க."

பெட்டிகளை மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டுப் பிரித்ததும் அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. சக்கரம் திரும்புவதற்கு ஆணிவேர் போல நிற்கிற கிங் பின் இரண்டும் இடுப்பு சிறுத்துத் தேய்ந்திருந்தன. அதைச் சுற்றியுள்ள புஷ் என்கிற உலோக வளையங்கள் வட்டமாக இல்லாமல் கோழிமுட்டைபோல ஆகியிருந்தன. இடதுபக்க ஸ்பிரிங் கட்டில் மேலேயிருந்து இரண்டாவது பட்டை விரிசல். மற்றவை வளைவு போய் வாழைமட்டை மாதிரி நீட்டிப் படுத்துவிட்டன.

"இந்தக் கிங் பின்ன மட்டும் மாத்தி உட்டா, ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார் பாய். "நோவு அங்க இல்லீங்க. அதா நிக்குது பாருங்க, உங்க அடுப்பு. அத்தன கனமும் ஒரே பக்கத்துல உக்காந்து, கூடச் சங்கிலியும் தொத்திக்கிட்டு வாரான். வண்டி செஞ்சவன் இப்பிடி ஒண்ணு ஏறி உக்காரும்னு கனவு கண்டானா?"

"என்ற ஒடம்பு என்ன கனம் பாய்? மூணு நேரம் களி திங்கறவன்" என்றான் சங்கிலி.

"களிதான்யா கல்லாட்டம் எறங்கும்!"

கூலியும் சாமானும் நூறு ரூபாய் என்றார். என் மடியில் அதில் பாதிகூட இல்லை. புரோநோட்டு எழுதித் தருகிறேன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றேன். எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதையான பேச்சு. வட்டி இல்லாமல் வாங்கினால் அது கடன் இல்லை, பிச்சை.

பாய் காதைப் பொத்தினார். "வட்டி எங்களுக்கு ஹராமுங்க. நோட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." வலது உள்ளங்கையை என் முன்னால் விரித்தார். ரேகையெல்லாம் கறுப்பாக எண்ணெய் ஊறிய கை. "சம்பாரிச்சு இதுல வெய்யுங்க. அது வரைக்கும் இது நம்ம வண்டி. செரிங்களா?"

நான் அந்தக் கையில் தட்டினேன். வேறு என்ன செய்வது? ஆனால் "நம்ம வண்டி" என்ற அந்த ஒரு சொல் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது.

மூன்று நாள் வேலை; நல்லவேளை, அடுத்த லோடு நாலாம் நாள்தான். கிங் பின்னையும் புஷ்ஷையும் அவரே கடைசல் பிடித்தார். பட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, வளைந்த இரும்புக் கட்டைமேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரற்கடை விரற்கடையாகத் தட்டி வளைவு ஏற்ற வேண்டும். "நெருப்புல காட்டினா சீக்கிரம் வளையுமே" என்றேன். "வளையும். அப்பறம் துள்ளாது. தூங்கற பட்டைய வெச்சு என்ன பண்றது?" என்றார். சம்மட்டி அடித்தது நான்தான். அவருடைய ஆள் அரை நாளில் கை ஓய்ந்துவிட்டான். பெட்டி தூக்கிய தோள் எனக்கு, பொழுதெல்லாம் அடித்தேன். பாய் சுத்தியலால் இடம் காட்டுவார், நான் அந்த இடத்திலேயே போடுவேன். ஒரு அடிகூடத் தவறவில்லை. அதை அவரே பிற்பாடு நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

கட்டு கட்டும்போது இடதுபக்கத்துக்கு மட்டும், உடைந்து கிடந்த பஸ் ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்தார். "இது உங்களுக்கில்லீங்க, அடுப்புக்கு. என்னிக்கு அடுப்ப எறக்கறீங்களோ அன்னிக்கு என்றகிட்ட வந்துருங்க" என்றார். தலையாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் சொன்ன நாளில் மறுபடி சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அவர் தொப்பிதான் ஆடியது. சக்கரம் மலைபோல நின்றது. ஒரு லோடும் தவறவில்லை. காண்ட்ராக்ட் நிலைத்தது.

ஆனால் வண்டி யாருடையது? அதுதான் எனக்குத் தீரவில்லை. குன்னூர்க் கடைவீதியில் எங்கே என்னைக் கண்டாலும் பாய் எட்டூருக்குக் கேட்கிற குரலில், "ஏனுங்க, நம்ம வண்டி எப்பிடி ஓடுது?" என்பார். ஒருதடவை எஸ்டேட் பெரிய கிளார்க்கே பக்கத்தில் இருந்தார். "அட, கூட்டு வண்டியா ஆறுக்குட்டி? நீ சொல்லவே இல்லையே" என்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவி வேலாமணி சொன்னாள்: "அவரு பாசமாத்தானுங்க சொல்றாரு. உங்களுக்குத்தான் அது மொளகாயா எரியுது."

"பணத்த வெச்சுட்டன்னா எரியாது."

"அப்ப வெய்யுங்க."

வைக்கத்தான் பார்த்தேன். பத்து இருபது என்று கொடுத்துத் தீர்க்க எனக்கு மனசில்லை. ஒரே கையாக வைக்க வேண்டும். சேர்த்து வைப்பேன், டயர் வெடிக்கும். மறுபடி சேர்ப்பேன், தவணைக்காரன் வந்து நிற்பான். வண்டி சம்பாதித்துக் கொடுத்ததை வண்டியே தின்றது. பாய் ஒருநாளும் பணத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். பெருநாளைக்கு அவர் மனைவி ஹாஜிரா அக்கா எங்கள் ஊட்டுக்குச் சேமியா கொடுத்தனுப்பினார்கள். சேமியா இனித்தது. மீதியெல்லாம் கசந்தது.

இப்படி இரண்டு வருஷம். சண்டை முடிந்தது. பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கரிப்பீப்பாயைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன். ஏற்றத்தில் வண்டி இளங்காளை மாதிரி ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் பாய் சொன்ன பேச்சு யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஒரு வாரம் ஆவதற்குள் வண்டி வலதுபக்கம் சாய்ந்தது. பிரேக் போட்டால் வலதுபக்கம் இழுத்தது. எனக்கு ஆத்திரம். உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. வேலை கெட்டுவிட்டது என்றால் நான் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை அல்லவா? பழைய இரும்பு விற்ற காசையும் சேர்த்து, நூற்று இருபத்துநாலு ரூபாயையும் கைச்செலவுக்குக் கொஞ்சத்தையும் முடிந்துகொண்டு பட்டறைக்கு விட்டேன். இந்தத் தடவை கழுவவில்லை.

"என்ன பாய் வேல பாத்தீங்க? வண்டி வலக்கமா இழுக்குது!"

பாய் எழுந்து வந்தார். பீப்பாய் நின்ற இடத்தில் தெரிந்த வெறும் ஆகாசத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தாடி குலுங்கச் சிரித்தார்.

"வந்த சம்பந்தி அவரு ஊட்டுக்குப் போயிட்டாரு, அவருக்குப் போட்ட கட்டில மட்டும் மடிக்காம வெச்சிருக்கீங்க. அன்னிக்கு எச்சாச் சேத்த அந்தப் பட்டைதானுங்க இப்ப இடப்பக்கத்தத் தூக்கி நிக்குது. எறக்குன அன்னிக்கு வாங்கன்னு சொன்னனா இல்லையா?"

சங்கிலி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "சொன்னாருங்க முதலாளி. எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க. நீங்க கேக்கல" என்றான். அவனை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தியிருக்க வேண்டும். அவன் மாதிரிக் கிளீனர் கிடைக்கமாட்டான் என்பதால் விட்டேன்.

அந்தக் கூடுதல் பட்டையை எடுத்து, இரண்டு பக்கக் கட்டையும் சமமாக்கி, தேய்ந்த புஷ்களை மாற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மூங்கில் குச்சி இரண்டு பக்கமும் ஒரே கீறலில் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டே, "பன்னெண்டு ரூபா குடுங்க" என்றார்.

நான் முடிச்சை அவிழ்த்து நூற்று இருபத்துநாலு ரூபாயை நீட்டினேன். "பழசு நூறு. ரெண்டு வருச வட்டி இருபத்துநாலு. பன்னெண்டு தனியாத் தாரேன்."

அவர் நூறை மட்டும் பார்த்தார். "அந்த இருபத்துநாலத் தொடமாட்டேன். அன்னிக்கே சொன்னனுங்க."

"அப்ப இன்னிக்கு வேலைக்கு இருபத்துநாலா வெச்சுக்குங்க."

"பேர மாத்துனா ஹராம் ஹலாலா ஆயிருமா? எட்டு ரூபா குடுங்க, போதும்."

"இப்பத்தான பன்னெண்டுன்னீங்க?"

"நீங்க எட்டுக்கு இழுப்பீங்கன்னு பன்னெண்டு சொன்னேன். எல்லாரும் இழுக்கறதுதான? இழுக்காம குடுத்தா நான் ஏமாத்துனவனா ஆயிருவேன்."

"பதினஞ்சு."

"எட்டு."

"பன்னெண்டாவது வாங்குங்க பாய்! நீங்களே சொன்ன வெல."

பட்டறைக்குப் பின்னால்தான் அவர் வீடு. உள்ளேயிருந்து ஹாஜிரா அக்காவின் குரல் கேட்டது: "குடுக்கறவரு ஏத்தறாரு, வாங்கறவரு எறக்கறாரு! ரெண்டு பேருக்கும் பைத்தியமா? டீ ஆறிப்போகுது, வாங்க!"

சங்கிலி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய்க்கும் வரவில்லை. அவர் வண்டியின் மட்கார்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இங்க பாருங்க கவுண்டரே. வண்டி உங்களுது. வேல என்னுது. என்ற வேலைக்கு வெல நான்தான் சொல்லோணும். எட்டு ரூபா."

"வண்டி உங்களுது" என்று இரண்டு வருஷத்தில் அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். இருபத்துநாலை மடியில் திரும்ப முடிந்துகொண்டேன்.

பாய் வலது கையைத் துணியில் இன்னொரு தடவை துடைத்து என் முன்னால் விரித்தார். பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தேன். நூறு ஆனதும் அவர் விரல்களை மூடப் போனார். "இருங்க" என்று சொல்லி, அந்த எட்டு ரூபாயையும் அதே கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.